குழாயினுள்ளே துரு

மழையிலும் பனியிலும் கிடக்கும் இரும்பு துருவேறுதலை யாவரும் கண்டிருப்பர். வெளிப்புறம் நன்கு காக்கப்பெற்ற குழாயொன்று உட்புறமிருந்தே அரிக்கப்படுமாயின், அதனை எங்ஙனம் அறிவது? தமிழ் பயிலும் யாம் இப்பொருளிற் புகுதல் சற்றே துணிவெனினும், கற்றறிந்த அளவில் ஈண்டு உரைக்கின்றோம்.

கிணறுகளினின்று வரும் எரிவாயுவில் நீராவியும், கரியமில வாயுவும், சிலவிடத்து ஹைட்ரஜன் ஸல்பைடும் கலந்திருக்கும். உலர்ந்திருக்குங்கால் இவற்றால் எஃகிற்குப் பெருந்தீங்கில்லை. குழாய் குளிருமிடத்து ஆவி நீராகும். அந்நீரிற் கரியமில வாயு கரைந்து கார்பானிக் அமிலமாகி எஃகைத் தின்னத் தொடங்கும். குழாய் பள்ளத்திலிறங்கி மேடேறுமிடத்து நீர் தேங்கும். சிலபோது குழாயின் மேற்கூரையிலேயே பனித்துளிபோற் படிந்து ஆண்டும் அரிக்கும்.

இவ்வரிப்பை அளத்தற்குப் பழைய முறை ஒன்றுண்டு. நிறையறிந்த எஃகுத் தகடொன்றைக் குழாயினுட் செருகி, சில திங்கள் கழித்தெடுத்து மீண்டும் நிறுப்பர். குறைந்த நிறையினின்று அரிப்பின் விரைவு புலனாகும். எளிய முறையே. ஆயினும் தகடு தானிருந்த இடத்துச் செய்தியை மட்டுமே கூறவல்லது. சிறிது தொலைவிலுள்ள பள்ளத்தில் நிகழ்வதை அஃது அறியாது. இக்குறையை நீக்குவது ‘பிக்’ என்னுங் கருவி. (ஆங்கிலத்திற் பன்றியைக் குறிக்கும் இப்பெயரை இதற்கு இட்டவர் யாரோ!) வாயுவின் அழுத்தத்தால் உந்தப்பட்டுக் குழாய் நெடுகச் செல்லும் இக்கருவியில், ஒருவகை தேங்கிய நீரைத் தள்ளிச்செல்லும், மற்றொருவகை காந்தத்தின் துணையாற் சுவரின் தேய்வைக் குறித்துவரும்.

எல்லாக் குழாய்களிலும் பிக் செல்லவியலாது என்பதே இடர். அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ மாகாணத்தில், கார்ல்ஸ்பாட் நகருக்கு அண்மையில், பேக்கோஸ் ஆற்றைக் கடக்கும் 30 அங்குலக் குழாயொன்றின் ஒரு பகுதி அத்தகையது. அதில் உலர்ந்த வாயுவே செல்லவேண்டும். எனினும் நீர் புகுந்திருந்தது. நீரை வாங்கிக்கொள்ள முன்னதாக ஒரு கலம் பொருத்தப்பட்டிருந்தது. அக்கலம் ஓரளவு அடைபடவே, நீர் அதனைக் கடந்துசென்று தாழ்ந்த இடமொன்றில் தங்கிற்று. உப்பும் நுண்ணுயிர்களும் அரிப்பிற்குத் துணைநின்றன. 2000-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 19-ஆம் நாள், பொழுது புலருமுன், அவ்விடத்தே குழாய் வெடித்துத் தீப்பற்றிற்று. ஆற்றங்கரையில் பாலத்தடியே கூடாரமிட்டிருந்த உறவினர் 12 பேர் மாண்டனர், ஒருவரும் பிழைத்திலர். பின்னர் ஆராய்ந்தபோது, சுவரின் கனம் பாதிக்குமேல் உள்ளிருந்தே கரைந்துபோயிருக்கக் கண்டனர். வெளியே நின்று நோக்கினார்க்கு யாதும் தோன்றியிராது.

2002-இல் அந்நாட்டார் குழாய்ச் சோதனையை வற்புறுத்திச் சட்டமியற்றினர். பிக் புகவியலாத குழாய்களில், நிலத்தின் சாய்வையும் வாயுவின் வேகத்தையும் கொண்டு நீர் எங்கே நின்றுவிடும் என்பதை முதலிற் கணக்கிடுகின்றனர். பின்பு அங்கே தோண்டி, ஒலியலையாற் சுவரின் கனத்தை அளக்கின்றனர்.