மொட்டை மாடியிலிருந்து எறிந்த பந்து

15 மீட்டர் உயரமுள்ள கட்டடத்தின் மொட்டை மாடியிலிருந்து ஒரு பந்து எறியப்படுகிறது. வேகம் நொடிக்கு 20 மீட்டர். கிடைத்தளத்துக்கு மேல்நோக்கி 30 டிகிரி சாய்வு. காற்றுத்தடை இல்லை, ஈர்ப்பு முடுக்கம் 10 என்று வைத்துக்கொள்ளலாம். கட்டடத்தின் அடியிலிருந்து எவ்வளவு தூரத்தில் பந்து தரையைத் தொடும்?

பிளஸ் ஒன் மாணவர்களிடம் இந்தக் கணக்கைக் கொடுத்தால், பலருடைய கை நேராக நெடுக்கச் சூத்திரத்துக்குத்தான் போகும். திசைவேகத்தின் வர்க்கம், அதோடு இருமடங்கு கோணத்தின் சைன், இரண்டையும் பெருக்கி ஈர்ப்பு முடுக்கத்தால் வகுத்தால் 34.6 மீட்டர். பிரதியிட்டதில் பிழையில்லை, பெருக்கியதிலும் பிழையில்லை. ஆனால் விடை தப்பு. பந்து விழுவது 52 மீட்டர் தள்ளி.

அப்படியானால் 34.6 என்பது என்ன? பந்து மேலே போய், வளைந்து, மறுபடியும் மொட்டை மாடியின் மட்டத்துக்கு வந்து சேரும் இடம் அது. அங்கே தரை இல்லை. இன்னும் 15 மீட்டர் கீழே இருக்கிறது. எறிந்த மட்டமும் விழும் மட்டமும் ஒன்றாக இருந்தால் மட்டுமே அந்தச் சூத்திரம் செல்லும். பாடப்புத்தகத்தில் அதை வருவிக்கும்போதே இந்த நிபந்தனை உள்ளே வந்துவிடுகிறது. பிள்ளைகள் மனப்பாடம் செய்வதோ கடைசி வரியை மட்டும்.

இப்போது சூத்திரத்தை மூடிவைத்துவிட்டுக் கணக்கைப் பார்ப்போம். முதலில் ஒரு படம். பிறகு தாளின் நடுவே ஒரு கோடு கிழித்து, இடப்பக்கம் கிடைத்தளம், வலப்பக்கம் செங்குத்து என்று பிரித்துக்கொள்ளுங்கள். திசைவேகத்தின் செங்குத்துக் கூறு நொடிக்கு 10 மீட்டர், கிடைத்தளக் கூறு 17.3 மீட்டர். பக்கவாட்டில் பந்தை யாரும் தள்ளவுமில்லை, இழுக்கவுமில்லை. எனவே 17.3 கடைசிவரை 17.3தான். செங்குத்தில் ஒவ்வொரு நொடியும் மேல்நோக்கிய வேகத்தில் 10 குறைகிறது. ஒரே நொடியில் அது பூஜ்யமாகிவிடும். அதற்குள் பந்து 5 மீட்டர் ஏறியிருக்கும். தரையிலிருந்து 20 மீட்டர். 20 மீட்டர் உயரத்திலிருந்து விழ 2 நொடி. ஆக மொத்தம் 3 நொடி. 17.3ஐ 3 ஆல் பெருக்கினால் 52.

இவ்வளவுதான் கணக்கு. இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக இருப்பது நேரம் ஒன்றுதான். வலப்பக்கத்தில் அதைக் கண்டுபிடித்து இடப்பக்கத்துக்கு எடுத்துப் போகிறோம். எறிபொருள் கணக்கு எந்த வேடத்தில் வந்தாலும், விமானத்திலிருந்து பொட்டலம் போட்டாலும், மலைமேலிருந்து கல் எறிந்தாலும், தொடங்க வேண்டிய இடம் இதுதான்.

இதையே இருபடிச் சமன்பாடாக எழுதித் தீர்த்தால் நேரத்துக்கு இரண்டு விடை வரும்: 3, கழித்தல் 1. கழித்தல் குறியைக் கண்டதும் அடித்துவிடுவது வழக்கம். மதிப்பெண்ணுக்கு அது போதும். ஆனால் அந்த எண்ணும் ஒரு சேதி சொல்கிறது. இந்தப் பந்தின் பாதையைப் பின்னோக்கி நீட்டிப் பாருங்கள். மாடியே இல்லாமல், யாரோ ஒரு நொடிக்கு முன்பு தரையிலிருந்து எறிந்திருந்தாலும் பந்து இதே இடத்தை இதே திசைவேகத்தில் கடந்திருக்கும். நம் கதை மாடியில் தொடங்கியது என்பது கணிதத்துக்குத் தெரியாது. அது முழுப் பரவளையத்தையும் காட்டிவிடுகிறது. வகுப்பில் இதற்கு ஐந்து நிமிடம் ஒதுக்கினால் என்ன குறைந்துவிடும்?

இயக்கத்தை இப்படி இரண்டாகப் பிரிக்கலாம் என்பது தானாகத் தெரிந்த விஷயமல்ல. 1537இல் டார்ட்டாலியா என்ற இத்தாலியர் பீரங்கிக் குண்டின் பாதையை ஒரு நேர்கோடு, ஒரு வில், பிறகு செங்குத்தாக ஒரு வீழ்ச்சி என்று வரைந்தார். 45 டிகிரியில்தான் குண்டு அதிக தூரம் போகும் என்பதையும் சொல்லிவிட்டார். அதற்கான காரணத்தை நிறுவிக் காட்டியவர் கலிலியோ. பதுவா நகரில் 1608 வாக்கில் அவர் ஒரு சாய்தளத்தில் உருண்டையை உருட்டிவிட்டு, மேசை விளிம்பைத் தாண்டி அது தரையில் எங்கே விழுகிறது என்று அளந்தார். அந்தக் கையெழுத்துத் தாள் புளோரன்ஸ் நூலகத்தில் இருக்கிறது. மேசையின் உயரம் அவருடைய அளவையில் 828 புள்ளிகள். நம் அளவில் ஏறக்குறைய 78 சென்டிமீட்டர். இதன் முழு விளக்கம் அச்சானது 1638இல், ஹாலந்தின் லைடன் நகரில். அப்போது அவர் வீட்டுக்காவலில் இருந்தார், கண்பார்வையும் போயிருந்தது.

நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையும் கிட்டத்தட்ட அதே உயரம்தான். ஒரு ஸ்கேலை அதன் விளிம்புக்குச் சாய்கோணத்தில் வெளியே நீட்டி வையுங்கள். நீட்டிய முனையில் ஒரு நாணயம். மேசை மேல், ஸ்கேலுக்கும் விளிம்புக்கும் இடையில், விளிம்பை ஒட்டி இன்னொன்று. ஸ்கேலின் உள்முனையை விரலால் அழுத்திக்கொண்டு, வெளிமுனையை அந்த இரண்டாவது நாணயத்தின் பக்கமாகச் சட்டென்று தட்டுங்கள். ஸ்கேல் மேலிருந்த நாணயம் அப்படியே கீழே விழும். மற்றது எகிறிப் போய்த் தூரத்தில் விழும். கண்ணால் பார்ப்பதைவிடக் காதால் கேளுங்கள்: இரண்டும் ஒரே நேரத்தில் 'டக்' என்று தரையைத் தொடும். இரண்டுக்கும் 0.4 நொடிதான். எகிறிய நாணயத்தின் வேகம் நொடிக்கு 2 மீட்டர் என்றால் அது 80 சென்டிமீட்டர் தள்ளி விழும்.

இன்னொரு தவறும் விடாமல் தொடர்கிறது. உச்சியில் பந்தின் திசைவேகம் பூஜ்யம் என்று எழுதுகிறார்கள். பூஜ்யமாவது செங்குத்துக் கூறு மட்டும். நம் பந்து உச்சியிலும் 17.3இல் போய்க்கொண்டுதான் இருக்கிறது. முடுக்கமும் அங்கே பூஜ்யம் என்று சிலர் எழுதுகிறார்கள். அப்படி இருந்தால் பந்து திரும்பி இறங்கவே இறங்காது.

45 டிகிரிதான் எப்போதும் சிறந்தது என்ற நம்பிக்கையும் அதே நெடுக்கச் சூத்திரத்திலிருந்து வந்ததுதான். குண்டு எறிதலைப் பாருங்கள். ஆண்கள் எறியும் 7.26 கிலோ குண்டு கையை விட்டுப் புறப்படுவது தரைக்கு 2 மீட்டருக்கு மேலிருந்து. நொடிக்கு 14 மீட்டர் வேகத்துக்குக் கணக்குப் போட்டால் சிறந்த கோணம் 42 டிகிரிதான் வருகிறது. முன்னணி வீரர்களோ அதற்கும் குறைவான கோணத்தில் எறிகிறார்கள். கோணம் தாழ்ந்தால் உடம்பு குண்டுக்குக் கூடுதல் வேகம் கொடுக்க முடிகிறது என்பதே காரணம். ஈட்டி எறிதலுக்கு இந்தக் கணக்குப் போதாது. அங்கே காற்றையும் சேர்த்தாக வேண்டும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். நெடுக்கச் சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதும்போது, 'எறிந்த மட்டத்திலேயே விழுந்தால் மட்டும்' என்று அதன் பக்கத்திலேயே பெரிதாக எழுதுங்கள். அதற்கு முன்பு, ஒரு வாரமாவது படமும் இரண்டு பத்திகளும் மட்டும் வைத்துக் கணக்குப் போடச் சொல்லுங்கள். தேர்வில் மொட்டை மாடிப் பந்து வரும்போது உங்கள் பிள்ளைகள் 52 என்றே எழுதுவார்கள்.