உறுமும் வேதாந்தம்

‘இது பாட்டா, சத்தமா?’ ஹெவி மெட்டல் ஒலிக்கும் வீடுகளில் பெரியவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி இது. அந்தச் சத்தத்துக்குள் வேதாந்தத்தைக் கொண்டுபோய் வைத்தவர்கள், சிங்கப்பூரில் வளர்ந்த இந்திய வம்சாவளி இளைஞர்கள். குழுவின் பெயர் ருத்ரா. அதே பெயரில் முதல் ஆல்பம் வெளியான ஆண்டு 1998.

குழு தொடங்கியது 1992-ல். பேஸ் கிட்டார் வாசித்தபடியே பாடுபவர் கதிரசன், டிரம்ஸ் சிவா. அது கேசட் காலம். ரசிகர்கள் ஒருவர்மீது ஒருவர் மோதி ஆடும் ‘ஸ்லாம் டான்ஸ்’ ஆட்டத்துக்கு அந்நாட்டில் தடை விழுந்த காலமும்கூட. இடையில் ஒருமுறை குழு கலைந்தது. மீண்டும் சேர்ந்த பிறகே ஆல்பம் கைகூடியது.

அவர்கள் எடுத்துக்கொண்டது டெத் மெட்டல். சுருதி இறக்கிய கிட்டார், இரண்டு கால்களும் மாறி மாறி உதைக்கும் டிரம், அடித்தொண்டையிலிருந்து கிளம்பும் உறுமல். 1980-களில் அமெரிக்காவின் புளோரிடாவில் செழித்த இந்த வகைக்குச் சாவும் சாத்தானும்தான் வாடிக்கையான பாடுபொருள். ருத்ரா அந்த இடத்தில் ஆன்மாவையும் மாயையையும் உட்காரவைத்தது. ‘வேதிக் மெட்டல்’ என்ற அடையாளமும் அதற்கு வந்தது.

கேட்க விசித்திரமாக இருக்கலாம். ஆனால் பீங்கான் ஊரான நம் விருத்தாசலத்தில், பழமலைநாதர் சன்னதியில் நின்று ருத்ரம் என்னும் வேத மந்திரத்தைக் கேட்டவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். ஒரே சொல் அதே வேகத்தில் திரும்பத் திரும்ப வந்து விழும்போது, பொருள் புரியாவிட்டாலும் உடம்பு அதற்கு இசைந்துவிடுகிறது. மெட்டலில் கிட்டார் திரும்பத் திரும்ப வாசிக்கும் சிறு துணுக்கான ‘ரிஃப்’ செய்யும் வேலையும் அதுதான்.

முதல் ஆல்பத்தில் போட்ட விதை பின்னால் நன்றாகவே வளர்ந்தது. 2003-ல் ‘குருக்ஷேத்ரா’, 2005 முதல் 2011 வரை ‘பிரம்மவித்யா’ வரிசையில் மூன்று ஆல்பங்கள். சிங்கப்பூர் தேசியக் கல்விக் கழகத்தின் இசை ஆய்வாளர் யூஜின் டைரியநாதன், வேதிக் மெட்டலையும் அங்குள்ள தென்னிந்தியச் சமூகத்தின் அடையாளச் சிக்கலையும் இணைத்து 2009-ல் ஆய்வுக் கட்டுரையே எழுதினார்.

குறை இல்லாமல் இல்லை. 2001-ல் வந்த இரண்டாம் ஆல்பத்தின் பெயர் ‘தி ஆரியன் குருசேட்’. தமிழர் காதுக்குத் தலைப்பே உறுத்தும். பாடல்களிலும் ஆங்கிலமும் சமஸ்கிருதமும்தான் முன்னே நிற்கின்றன. தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்றாக இருக்கும் நாட்டிலிருந்து வந்த குழு என்பதால், தமிழ் இன்னும் ஒலித்திருக்கலாமே என்ற ஏக்கம் கூடுகிறது. சடங்கையும் சாதியையும் வெளுத்து வாங்கிய தமிழ்ச் சித்தர் சிவவாக்கியரைவிட மெட்டலுக்குப் பொருத்தமான ஆள் யார்?

அந்த வேலையை இங்குள்ள பிள்ளைகள் செய்யட்டும். டிரம்ஸ் கேட்டு அடம்பிடிக்கும் மகனோ மகளோ வீட்டில் இருந்தால், திட்டுவதற்கு முன் ருத்ராவின் முதல் ஆல்பத்தைப் போட்டுக் கொடுங்கள். முடிந்தால் நீங்களும் கூட உட்கார்ந்து கேளுங்கள்.