சட்டமூலம் எந்தப் படியில் நிற்கிறது?

2020 ஜனவரியில் ஒருநாள், மஃரிபுக்குப் பிறகு என் கைபேசிக்கு வட்ஸ்அப் செய்தியொன்று வந்தது. "முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் பாராளுமன்றத்தில் நீக்கப்பட்டது. இனிக் காதி நீதிமன்றம் இல்லை" என்று இருந்தது. நான் தமிழ்ச் சிறப்புப் பட்டதாரி. வாக்கியத்தில் எழுவாய் எது, பயனிலை எது என்று பதினெட்டு வருடமாகப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவன். ஆனால் அந்த 'நீக்கப்பட்டது' என்ற சொல்லுக்கு எழுவாய் எங்கே என்று அன்று நான் கேட்கவில்லை. வகுப்புப் பெற்றோரின் குழுவுக்கு அப்படியே அனுப்பிவிட்டேன்.

இரண்டு, மூன்று கிழமைக்குப் பிறகு மாணவியொருத்தியின் தாய் பாடசாலைக்கு வந்தார். பிள்ளைக்குத் தாபரிப்புக் கேட்டுக் காதியாரிடம் வழக்குப் போட்டிருந்தவர் அவர். தவணைக்குப் போனீர்களா என்று பேச்சுவாக்கில் கேட்டேன். "சட்டமே இல்லாமப் போயிட்டாமே சேர். நீங்கதானே அனுப்பியிருந்தீங்க. இனி எந்தக் காதியாருக்கிட்டப் போற?" என்றார்.

அவர் தவறவிட்ட தவணை ஒன்றுதான். ஆனால் அடுத்த தவணைக்கு முன் கொரோனா வந்து ஊரடங்கு போட்டார்கள். மாதக்கணக்கில் அந்தப் பிள்ளைக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை. சட்டம் அப்படியே இருந்தது. அது இல்லையென்று சொன்னது நான்.

இந்தக் கட்டுரையை எழுதுவதற்கு அதுதான் காரணம். பாராளுமன்ற உறுப்பினரொருவர் சட்டமூலம் கொண்டுவந்தார் என்று கேள்விப்பட்டால், அது எந்தப் படியில் நிற்கிறது என்று நாமே பார்த்துக்கொள்ளலாம். அதற்குச் சட்டத்தரணியாக இருக்கத் தேவையில்லை.

அன்று நடந்தது என்ன?

2020 ஜனவரியில் அத்துரலியே ரதன தேரர் 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தை நீக்கக் கோரும் சட்டமூலமொன்றை முன்வைத்தார். அது அரசாங்கத்தின் சட்டமூலமல்ல; தனியார் உறுப்பினர் சட்டமூலம். அதன் மேல் இரண்டாம் மதிப்பீடு நடக்கவில்லை, வாக்கெடுப்பும் நடக்கவில்லை. மார்ச் 2ஆம் திகதி பாராளுமன்றம் கலைக்கப்பட்டது. பாராளுமன்றம் கலைந்தால் முடிவுறாத சட்டமூலங்கள் எல்லாம் காலாவதியாகும். இதுவும் அப்படியே போனது.

ஆக, 'முன்வைத்தார்' என்பதற்கும் 'நீக்கப்பட்டது' என்பதற்கும் இடையில் எத்தனையோ படிகள் இருக்கின்றன. நான் அவ்வளவையும் ஒரே பாய்ச்சலில் தாண்டியிருந்தேன்.

யார் கொண்டுவரும் சட்டமூலம்?

நம்முடைய பாராளுமன்றத்தில் 225 உறுப்பினர்கள். அமைச்சர் ஒருவர் தன் அமைச்சின் சார்பில் சமர்ப்பிப்பது அரசாங்கச் சட்டமூலம். அதற்குப் பின்னால் அமைச்சரவையின் அங்கீகாரம் இருக்கும், அநேகமாகப் பெரும்பான்மையும் இருக்கும். அமைச்சரல்லாத உறுப்பினர், அவர் ஆளுங்கட்சியோ எதிர்க்கட்சியோ, தன் பெயரில் கொண்டுவருவது தனியார் உறுப்பினர் சட்டமூலம். 'தனியார்' என்ற சொல்லைப் பார்த்துக் கம்பனிக்காரர் கொண்டுவருவது என்று நினைப்போரும் உண்டு. அப்படியல்ல.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். தனியார் உறுப்பினர் பிரேரணை என்பது வேறு. 'இன்னது செய்யப்பட வேண்டும் என இச்சபை தீர்மானிக்கிறது' என்று முடியும் கோரிக்கை அது. நிறைவேறினாலும் அதுவே சட்டமாகிவிடாது. பத்திரிகைத் தலைப்புகளில் இரண்டும் கலந்துபோவதைப் பல தடவை கண்டிருக்கிறேன்.

தனியார் உறுப்பினருக்குப் பெரிய தடையொன்றும் இருக்கிறது. அரசியலமைப்பின் 152ஆம் உறுப்புரைப்படி, அரசின் திரட்டு நிதியிலிருந்து செலவு செய்வதற்கோ வரி விதிப்பதற்கோ வழிசெய்யும் சட்டமூலத்தை அமைச்சர் ஒருவர் மட்டுமே, அதுவும் அமைச்சரவையின் அங்கீகாரத்தோடு, கொண்டுவரலாம். "எங்கட ஊருக்கு ஆஸ்பத்திரி கட்டச் சட்டமூலம் கொண்டுவருவேன்" என்று சாதாரண உறுப்பினர் ஒருவர் மேடையில் சொன்னால் இந்த உறுப்புரையை நினைத்துக்கொள்ளுங்கள்.

படிகள்

முதலில் சட்டமூலத்தின் வரைவு பாராளுமன்றச் செயலாளர் நாயகத்திடம் போகும். ஒவ்வொரு சட்டமூலத்தையும் அரசியலமைப்போடு ஒப்பிட்டுப் பார்ப்பது 77ஆம் உறுப்புரைப்படி சட்டமா அதிபரின் கடமை. பிறகு அது வர்த்தமானியில் வெளியாகும். வர்த்தமானியில் வந்து குறித்த நாட்கள் கழிந்த பின்தான் பாராளுமன்றத்தின் ஒழுங்குப் பத்திரத்தில் இடம்பெறலாம்.

அடுத்தது முதலாம் மதிப்பீடு. உறுப்பினர் சமர்ப்பிப்பார், இன்னொருவர் வழிமொழிவார். விவாதம் இருக்காது. இதன் பின் தனியார் உறுப்பினர் சட்டமூலம், நிலையியற் கட்டளை 52இன் கீழ், உரிய அமைச்சரின் அறிக்கைக்காக அனுப்பப்படும். என் அனுபவத்தில் அதிகமானவை தூங்கும் இடம் இதுதான். அறிக்கை வந்தால் இரண்டாம் மதிப்பீடு. அங்கேதான் கொள்கை பற்றிய விவாதம். அதன்பின் குழுநிலையில் வாசகம் வாசகமாகத் திருத்துவார்கள். பிறகு மூன்றாம் மதிப்பீடு. கடைசியில் சபாநாயகர் சான்றுரை எழுதிக் கையொப்பமிட்டால்தான் சட்டமூலம் சட்டமாகும்.

இங்கே ஒரு தமிழாசிரியனின் குறிப்பு. பத்திரிகைகள் 'இரண்டாம் வாசிப்பு' என்று எழுதும். பாராளுமன்றத்தின் தமிழ் ஆவணங்களில் 'இரண்டாம் மதிப்பீடு' என்று இருக்கும். இரண்டும் ஒன்றுதான். தேடும்போது இரண்டு சொல்லாலும் தேடுங்கள். நாம் 'சட்டமூலம்' என்பதைத் தமிழ்நாட்டில் 'மசோதா' என்பார்கள். அது உருது வழியாக வந்த அரபுச் சொல். 'முஸவ்வதா' என்றால் கறுப்பாக்கப்பட்டது, அதாவது அடித்தும் திருத்தியும் மையால் கறுத்த கைப்பிரதி. திருத்தி எழுதிய நற்பிரதி 'முபய்யளா', வெண்மையாக்கப்பட்டது. அரபுச் சொல்லை நாம் விட்டுவிட்டு அவர்கள் வைத்திருப்பது வேடிக்கைதான். ஆனால் பொருள் நமக்கு உதவும்: தனியார் உறுப்பினர் சட்டமூலங்களில் அநேகமானவை வெண்பிரதியைக் காண்பதில்லை.

எங்கே பார்ப்பது?

பாராளுமன்ற இணையத்தளத்தில் சட்டமூலங்கள், ஒழுங்குப் பத்திரம், ஹன்சாட் எல்லாம் கிடைக்கின்றன. மும்மொழியிலும் தளம் உண்டு. வர்த்தமானியை அரசாங்க அச்சுத் திணைக்களம் வெளியிடுகிறது. வெரிட்டே ரிசர்ச் நிறுவனம் நடத்தும் மந்திரி இணையத்தளம், ஹன்சாட்டை அடிப்படையாக வைத்து ஒவ்வொரு உறுப்பினரும் சபையில் எவ்வளவு பங்கெடுத்தார் என்று காட்டுகிறது. இவற்றில் கிடைக்காத விடயத்துக்கு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கலாம்.

நான் செய்வது எளிய வேலை. ஒரு சீ.ஆர். கொப்பியில் எட்டுப் பத்தி கோடு போட்டிருக்கிறேன்: சட்டமூலத்தின் பெயர், கொண்டுவந்தவர், வழிமொழிந்தவர், வர்த்தமானித் திகதி, முதலாம் மதிப்பீட்டுத் திகதி, எந்த அமைச்சருக்குப் போனது, அறிக்கை வந்ததா, முடிவு. மாதம் ஒருமுறை அரை மணித்தியாலம் போதும். வெறுமையாகக் கிடக்கும் பத்திதான் அதிகம் பேசும்.

எண்ணிக்கை ஏமாற்றும்

தேர்தல் நேரத்தில் "நான் இத்தனை சட்டமூலம் கொண்டுவந்தேன்" என்று துண்டுப்பிரசுரம் வரும். எண்ணிக்கையை மட்டும் பார்த்து மதிப்பெண் போடக்கூடாது.

தனியார் உறுப்பினர் சட்டமூலங்களில் பெரும்பங்கு கூட்டிணைத்தல் சட்டமூலங்கள். ஒரு சங்கத்தையோ மன்றத்தையோ சட்டப்படியான கூட்டுத்தாபனமாக்குபவை. அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமாவும் 2000ஆம் ஆண்டின் 51ஆம் இலக்கச் சட்டத்தால் கூட்டிணைக்கப்பட்டதுதான். பயனுள்ள வேலை, மறுக்கவில்லை. ஆனால் பத்துக் கூட்டிணைத்தல் சட்டமூலமும், நாட்டு மக்கள் அனைவரையும் தொடும் ஒரு சட்டமூலமும் ஒரே தராசில் நிற்காது.

மறுபக்கமும் உண்டு. கூட்டிணைத்தல் என்றால் சாதாரணம் என்று விட்டுவிடவும் முடியாது. 2003இல் மென்சிங்கன் கத்தோலிக்க அருட்சகோதரிகள் சபையைக் கூட்டிணைக்கும் சட்டமூலம் உயர் நீதிமன்றத்தில் கேள்விக்குள்ளானது. சமயத்தைப் பரப்புவதையும் சமூக சேவையையும் ஒன்றாக வைத்திருந்த வாசகங்கள் அரசியலமைப்புக்கு முரணானவை என்று தீர்மானம் வந்தது. 2005இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைகள் குழு அந்தச் சகோதரிகளின் உரிமை மீறப்பட்டதாகக் கருத்துரைத்தது. சிறிய சமயச் சமூகமொன்றின் நிலை என்ன என்பதை ஒரு 'சாதாரண' சட்டமூலம் அப்படி வெளியே கொண்டுவந்தது.

நிறைவேறாத சட்டமூலம் வீண் என்றும் சொல்லமாட்டேன். 2017இல் மாகாண சபைத் தேர்தல் முறை திருத்தப்பட்டது. புதிய எல்லை நிர்ணய அறிக்கையை 2018 ஓகஸ்ட் 24ஆம் திகதி பாராளுமன்றம் தோற்கடித்தது: எதிராக 139, ஆதரவாக ஒன்றும் இல்லை. பழைய முறையிலாவது தேர்தலை நடத்தலாம் என்று எம்.ஏ. சுமந்திரன் தனியார் உறுப்பினர் சட்டமூலம் கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை. ஆனால் வழி இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது. வழி எழுத்தில் இருக்கிறது. நடத்த மனமில்லை என்பதுதான் மிச்சம்.

அமைச்சராக இருந்த காலத்தில் ஒருவர் பெயரில் வந்த சட்டமூலங்களை அவருடைய சொந்தக் கணக்கில் சேர்ப்பதும் தவறு. அவை அமைச்சரவையின் சட்டமூலங்கள்.

ஏன் முதற்படியிலேயே பார்க்க வேண்டும்?

நம் நாட்டில் சட்டமாகிய பின் அதை அரசியலமைப்புக்கு முரண் என்று எந்த நீதிமன்றத்திலும் கேள்வி கேட்க முடியாது. 80ஆம் உறுப்புரை சொல்வது அது. கேட்பதானால் சட்டமூலமாக இருக்கும்போதே, ஒழுங்குப் பத்திரத்தில் வந்த சில நாட்களுக்குள், எந்தப் பிரசையும் 121ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். அந்தச் சில நாட்கள் போனால் போனதுதான்.

2004இல் ஓமல்பே சோபித தேரர் பலவந்த மதமாற்றத்தைத் தடுக்கும் சட்டமூலத்தைக் கொண்டுவந்தபோது, விழித்திருந்தவர்கள் உரிய காலத்தில் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். முக்கியமான சில பிரிவுகளுக்கு மூன்றில் இரண்டு பெரும்பான்மையும் சர்வசன வாக்கெடுப்பும் வேண்டும் என்று நீதிமன்றம் தீர்மானித்தது. அந்தச் சட்டமூலம் சட்டமாகவில்லை. அவர்கள் வர்த்தமானி வாசித்ததால் அது நடந்தது. வதந்தி பரப்பியதால் அல்ல.

இன்னும் ஒன்று, மொழிக்காரனுக்குரியது. சட்டங்களின் கடைசிப் பிரிவைப் பாருங்கள். சிங்கள உரைக்கும் தமிழ் உரைக்கும் இடையில் ஒவ்வாமை ஏற்பட்டால் சிங்கள உரையே மேலோங்கும் என்று இருக்கும். தமிழ்ப் பிரதியில் பிழை கண்டால் அது சட்டமூலமாக இருக்கும்போதே சொல்ல வேண்டும். அந்த வேலையைத் தமிழ் படித்த நாம் செய்யாவிட்டால் வேறு யார் செய்வது?

இதில் நம் சமூகத்துக்குத் தனியான பாடமும் இருக்கிறது. விவாகச் சட்டத்தைத் திருத்த வேண்டுமா, எப்படித் திருத்த வேண்டும் என்று நமக்குள்ளேயே வெவ்வேறு கருத்துகள். 2009இல் நியமிக்கப்பட்ட சலீம் மர்சூப் தலைமையிலான குழு 2018இல்தான் அறிக்கை கொடுத்தது. அதிலும் உறுப்பினர் இரண்டாகப் பிரிந்தார்கள். கருத்து வேறுபடட்டும். ஆனால் எந்த வாசகத்தைப் பற்றிப் பேசுகிறோம், அது எந்தப் படியில் நிற்கிறது என்பதிலாவது ஒன்றுபட்டால்தான் பேச்சு முன்னே நகரும்.

அந்தத் தாயிடம் போய் நடந்ததைச் சொன்னேன். "நீங்க படிச்ச ஆள் எண்டு நம்பினேன் சேர்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஊரடங்கு தளர்ந்த பிறகு மீண்டும் வழக்குக்குப் போனார். போன மாதங்களின் காசுக்காக இன்னும் நெடுநாள் அலைந்தார்.

இப்போது அந்த சீ.ஆர். கொப்பி எங்கள் பாடசாலை நூலகத்தில் இருக்கிறது. உயர்தர வகுப்பில் அரசியல் விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகள் மாதாமாதம் நிரப்புகிறார்கள். முதற்பக்கத்தில் 2020 ஜனவரிச் சட்டமூலத்தை நானே எழுதி வைத்தேன். 'முடிவு' என்ற பத்தியில் 'காலாவதி' என்று இருக்கிறது. சட்டமூலம் பற்றி ஏதும் செய்தி வந்தால் பெற்றோர் இப்போது கொப்பியில் என்ன இருக்கிறது என்று பிள்ளைகளிடம் கேட்கிறார்கள். என்னிடம் கேட்பதில்லை. அதுதான் சரி.