வெள்ளை வயரை முதல்ல பாருங்கோ

இந்த வார எபிசோட்டில் பிழை தேடுறதைப் பற்றி அரை மணித்தியாலம் கதைத்தோம். ரெக்கோர்டிங் முடிந்த பிறகு நான் சொன்ன ஒரு கேம்பிங் கதையை எழுதச் சொல்லிக் கேட்டார்கள். இதோ.

போன ஜூலை, வெள்ளிக்கிழமை பின்னேரம். ஸ்காபரோவிலிருந்து அல்கொன்குயின் பார்க்குக்குப் போக எல்லாம் ஏற்றியாச்சு. செக்கன்ட் ஹேண்டில் வாங்கிய சின்ன ரெய்லரைக் காரில் கொழுவிவிட்டு, இடது சிக்னல் போட்டேன். பின்னால நின்ற அப்பா, "தம்பி, ரெண்டு பக்கமும் மங்கலா சிமிட்டுது" என்றார்.

பல்ப் மாற்றினேன். சரிவரவில்லை. பியூஸ் பார்த்தேன், நல்லாத்தான் இருந்தது. ஒரு மணித்தியாலம் போச்சு. "எரியுதுதானே அப்பா, இது போதும், வெளிக்கிடுவம்" என்றேன். "பின்னால வாறவனுக்கு நீ பிரேக் போடுறது தெரியாட்டி?" என்று கேட்டுவிட்டு அப்பா காரில் ஏறவே இல்லை.

அப்பதான் வேலையில் செய்றதைச் செய்தேன். சம்பந்தமில்லாத ரெண்டு மூன்று விசயம் ஒரே நேரத்தில் பிழைத்தால், அவைக்குப் பொதுவாக என்ன இருக்கு என்று பார்க்கவேணும். இங்கே வழமையான நாலு பின் கனெக்டரில் பிரவுன் வயர் பின் விளக்குக்கு, மஞ்சள் இடது சிக்னலுக்கும் பிரேக்குக்கும், பச்சை வலதுக்கு. மூன்றுக்கும் பொதுவானது வெள்ளை வயர், அதாவது எர்த். மின்சாரம் திரும்பிப் போற பாதை அது. அந்தப் பாதை அடைபட்டால், இடது சிக்னலின் மின்சாரம் மற்ற பல்புகளின் இழைகளுக்குள்ளால் வழி தேடித் திரும்பும். அதுதான் ரெண்டு பக்கமும் அரைகுறையாக எரிந்தது.

மல்ரிமீற்றரின் ஒரு முனையைக் காரின் வெறும் உலோகத்திலும், மற்றதை ரெய்லர் சட்டத்திலும் வைத்து, சிக்னலைப் போட்டுப் பார்த்தேன். 4 வோல்ற்றுக்கு மேல் காட்டியது. நல்ல எர்த் என்றால் கிட்டத்தட்டப் பூச்சியம் காட்டவேணும். வெள்ளை வயரைச் சட்டத்தோடு பிடித்திருந்த ஸ்க்ரூ முழுக்கத் துரு. உலோகம் மினுங்கும்வரை சுரண்டி, புது முனை போட்டு, புது ஸ்க்ரூவால் இறுக்கினேன். பத்து நிமிச வேலை. எல்லா லைற்றும் பளிச்சென்று எரிந்தது.

இருட்டின பிறகு பாரி தாண்டி 11ஆம் நெடுஞ்சாலையில் போனோம். நீளமான ஏற்றம் ஒன்றில் வெப்ப ஊசி மெல்ல மேலே ஏறத் தொடங்கியது. இந்த முறை அப்பாதான், "இன்னும் கொஞ்சத் தூரம்தானே, மெல்லமாப் போ" என்றார். நான் ஏசியை நிற்பாட்டி, ஹீற்றரை முழுச் சூட்டில் போட்டேன். எஞ்சினின் சூட்டைக் கொஞ்சமாவது உள்ளே இழுக்க அது உதவும். பின் சீற்றில் இருந்த தங்கச்சி கத்தினாள். அப்படியும் ஊசி இறங்கவில்லை. ஓரமாக நிற்பாட்டினேன்.

ரேடியேற்றர் மூடியைத் தொடவில்லை. சூடாக இருக்கேக்கை உள்ளே அழுத்தம் இருக்கும். அதனால்தான் 100 டிகிரி தாண்டியும் கூலன்ற் கொதிக்காமல் இருக்கு. மூடியைத் திறந்தால் அந்த இடத்திலேயே கொதித்து முகத்தில் அடிக்கும்.

எஞ்சின் ஆறும்வரை யோசித்தேன். நிற்கும்போது சூடாகி, ஓடும்போது குறைந்தால் பெரும்பாலும் விசிறியில்தான் பிழை. ஓடும்போது, அதுவும் சுமையோடு ஏறும்போது மட்டும் சூடானால், காற்றோ கூலன்றோ போதுமான அளவு ஓடவில்லை. தொட்டியில் கூலன்ற் சரியான கோட்டில் இருந்தது. ரோர்ச் அடித்து முன்பக்கத்தைப் பார்த்தால், ஏசி கண்டென்சருக்கும் ரேடியேற்றருக்கும் இடையில் மரப்பஞ்சும் பூச்சிகளும் போர்வை மாதிரி அடைந்து கிடந்தன. வெறுங்காரை இழுக்க அந்தக் காற்று போதும். ரெய்லரோடு ஏற்றம் ஏறப் போதாது.

எட்டினதைக் கையால் எடுத்துவிட்டு, ஏசி இல்லாமல், கியரைக் குறைத்து மெல்லமாகப் போய்ச் சேர்ந்தோம். வீட்டுக்கு வந்த பிறகு, எஞ்சின் பக்கத்திலிருந்து முன்னோக்கி, அழுத்தம் குறைந்த தண்ணியால் கழுவினேன். பிறகு சூடாகவில்லை.

ஆனால் எனக்கு மறக்காமல் இருப்பது ரோட்டோரம் நின்ற அந்த ஒரு மணித்தியாலம்தான். பெரிய லொறிகள் பக்கத்தால் பறக்க, கார் முழுக்க ஆடும். அந்த இருட்டில் எங்களைக் காட்டிக்கொண்டிருந்தது ரெய்லரின் ரெண்டு ஹஸார்ட் லைற்றும்தான். அதுக்கும் அதே மஞ்சள், பச்சை வயர். அதே வெள்ளை வயர். "இது போதும்" என்று நான் சொன்ன அதே வயர்.

அப்பா லைற்றைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. தேத்தண்ணிப் பிளாஸ்க்கை மட்டும் என்னட்டை நீட்டினார்.

இந்தக் கோடையில் ரெய்லர் இழுக்கிற ஆக்கள், வெளிக்கிடமுதல் ஒராளைப் பின்னால நிற்கவைத்து எல்லா லைற்றையும் போட்டுப் பாருங்கோ. கிரில்லுக்குள்ளயும் ஒருக்கா ரோர்ச் அடியுங்கோ. அடுத்த எபிசோட்டில் சந்திப்பம்.