குழாய் கேஸ் வருகிறது. ஜெட்டில் கவனம் தேவை

எண்ணூர் துறைமுகத்தில் 2019-ல் திரவ இயற்கை எரிவாயு முனையம் இயங்கத் தொடங்கியபின், சென்னை, கோவை உள்ளிட்ட பல ஊர்களில் குழாய் பதிக்கும் வேலை நடந்து வருகிறது. சிலிண்டர் காலியாகும் கவலை இல்லை, மீட்டர் பார்த்து பில் என்பதால் டீக்கடை, மெஸ், பலகாரக் கடைக்காரர்கள் ஆர்வம் காட்டுகிறார்கள். இவர்களில் பலர் நம்மிடம் மளிகை வாங்குபவர்கள்; நமது உறுப்பினர்களிலும் சிலர் கடையோடு டீ ஸ்டால் நடத்துகிறார்கள். ஆகவே இந்த விஷயத்தை நாம் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

சிலிண்டரில் வருவது புரொப்பேன், பியூட்டேன் கலவை. குழாயில் வருவது பெரும்பாலும் மீத்தேன். ஒரே கன அளவில் சிலிண்டர் கேஸ் இரண்டரை மடங்கு சூடு தரும். வீட்டு அடுப்புக்கு வரும் அழுத்தமும் சிலிண்டரில் சுமார் 30 மில்லிபார், குழாயில் 21 மில்லிபார். எனவே பழைய ஜெட்டை அப்படியே வைத்துக் குழாயில் இணைத்தால் தீ சோனியாக எரியும். பால் பொங்குவதற்குள் வாடிக்கையாளர் எழுந்து போய்விடுவார். ஜெட்டின் துளைப் பரப்பு ஏறக்குறைய இரு மடங்காக வேண்டும். காற்றின் அளவையும் சரி செய்ய வேண்டும்.

இங்கேதான் தவறு நடக்கிறது. பழைய ஜெட்டையே ஊசி விட்டோ டிரில் போட்டோ பெரிதாக்கித் தருகிறோம் என்று வருபவர்கள் உண்டு. துளையின் விட்டம் ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய சங்கதி, கண்ணளவுக்கு அகப்படாது. முத்திரையில்லாத படிக்கல்லை நாம் தராசில் வைப்போமா? இணைப்பு தரும் நிறுவனத்தின் ஆளே அளவான ஜெட்டை மாற்றி, தீ நீலமாக எரிவதைக் காட்டிவிட்டுப் போக வேண்டும். பெரிய பட்டி அடுப்புகளின் அழுத்தமே வேறு. அவற்றுக்கு வீட்டுக் கணக்கு உதவாது.

இதைவிட ஆபத்தானது திரும்ப மாற்றுவது. குழாயில் சப்ளை நின்ற நாளில், அவசரத்துக்கு மூலையில் கிடக்கும் சிலிண்டரை அதே அடுப்பில் மாட்டுவார்கள். பெரிய துளை வழியே வலுவான கேஸ் பாயும். மஞ்சள் தீ நீண்டு எழும், பாத்திரம் கரியாகும், மூடிய சமையலறையில் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனை கிடையாது, ஆளையே கொன்றுவிடும். கைவசம் சிலிண்டர் வேண்டுமென்றால் மாற்றாத தனி அடுப்பு ஒன்றை வைத்துக்கொள்ளட்டும். பாத்திரக்கடை அன்பர்களும் 'எந்த கேஸ்?' என்று கேட்காமல் ஜெட்டோ பர்னரோ கொடுக்க வேண்டாம்.

இங்கிலாந்தில் 1967 முதல் 1977 வரை நாடு முழுவதும் நிலக்கரி கேஸிலிருந்து இயற்கை வாயுவுக்கு மாறினார்கள். ஒரு கோடிக்கும் மேற்பட்ட இணைப்புகளில் வீடு வீடாக ஆளனுப்பி அடுப்புகளை மாற்றினார்கள். செலவு என்று பார்க்கவில்லை.

இன்னொன்று. சிலிண்டர் கேஸ் கசிந்தால் தரையில் தங்கும். இயற்கை வாயு காற்றைவிட லேசு, கூரைக்கு ஏறும். நம் கடைகளில் பரண் முழுக்க அட்டைப்பெட்டி அடுக்கி மேல் ஜன்னலை அடைத்துவிடுவது வழக்கம். அடுப்பு உள்ள அறையில் குழாய் கேஸ் வருமுன் அந்தப் பெட்டிகளை இறக்கிவிடுங்கள்.