நாட்டுப்படையும் மூலப்படையும்
மலையும் படையும் – 9

சென்ற வாரம், ஜக்கதளாவை அடுத்த குன்றுப்புறத்தில் 1850-களில் எழும்பிய பாசறைகளுக்கு 1860-இல் வெலிங்டன் என்று பெயர் வந்த வரலாற்றைப் பார்த்தோம். இந்த வாரம் கட்டடங்களை விட்டு மனிதர்களிடம் வருவோம். யுத்தம் மூண்டுவிட்டால், அல்லது மூளக்கூடும் என்ற அச்சம் நாட்டைச் சூழ்ந்துவிட்டால், ஒருவன் எதை எண்ணி முன்னணிப் படையில் போய்ச் சேருகிறான், மற்றொருவன் எதை எண்ணி, அழைக்கும்போது வருகிறேன் என்று கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டுத் தன் தொழிலையும் குடும்பத்தையும் பார்த்துக்கொண்டு ஊரிலேயே இருக்கிறான் என்பது, மேலெழுந்தவாரியாகப் பார்ப்பவர்கள் கருதுவதைப்போல வீரத்துக்கும் அச்சத்துக்கும் உள்ள வித்தியாசம் அன்று. அதனினும் நுட்பமானது, அதனினும் மனத்தைத் தொடுவது.

நீலகிரி மலை ரயிலில் குன்னூரைக் கடந்து உதகையை நோக்கிச் செல்பவர்கள், வெலிங்டன், அருவங்காடு என்று அடுத்தடுத்து இரண்டு நிலையங்களைக் காண்பார்கள். முதலாவது ஊரில் இருப்பது, 1758-இல் தோன்றிய, இந்தியத் தரைப்படையின் தொன்மையான காலாட்படை அணிகளுள் முதன்மையான மதராஸ் ரெஜிமென்ட்டின் பயிற்சி மையம். இரண்டாவது ஊரில் இருப்பது, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து தோட்டாக்களுக்கும் பீரங்கிக் குண்டுகளுக்கும் வேண்டிய உந்துமருந்தைச் செய்துவரும் கார்டைட் தொழிற்சாலை. மலையை விட்டிறங்கிச் சமவெளிக்கு வந்தால், கோயம்புத்தூரில் டெரிட்டோரியல் ஆர்மி என்னும் பிராந்திய ராணுவத்தின் 110-ஆவது காலாட்படைப் பட்டாளம் இருக்கிறது. போரிடுவதையே வாழ்வாகக் கொண்டவன், போருக்கு வேண்டியதைச் செய்துதரும் தொழிலாளி, அழைப்பு வந்தால் மட்டும் சீருடை அணியும் குடிமகன் என்று, தேசத்துக்குத் தோள்கொடுக்கும் மூவகை மனிதர்களையும் அரை நாள் பயணத்துக்குள் கண்டுவிடலாம்.

இந்தப் பாகுபாடு நமக்குப் புதியதன்று. திருக்குறளின் படைமாட்சி அதிகாரத்துக்கு உரை வகுத்த பரிமேலழகர், படையை மூலம், கூலி, நாடு, காடு, துணை, பகை என்று ஆறாகப் பகுத்து, வழிவழியாக வந்த மூலப்படையே அவற்றுள் சிறந்தது என்று தீர்ப்பும் கூறினார். போர்க்களத்தின் கொடுமையை அறிந்த எவரும் அத்தீர்ப்பை மறுக்கமாட்டார்கள். ஆனால் நாட்டுப்படையையும் அவர் படையென்றே எண்ணி வரிசையில் வைத்தார் என்பதை நாம் மறந்துவிடலாகாது. திருவண்ணாமலை மாவட்டத்தில் செங்கம் வட்டாரத்து நடுகற்களைப் பாருங்கள். ஆநிரை கவர்ந்தவர்களை எதிர்த்து மாண்டவர்களுக்காகவே அவற்றுள் மிகப் பல எடுக்கப்பட்டன. எடத்தனூரில் உள்ள பல்லவர் காலத்துக் கல்லொன்றில், கருந்தேவக்கத்தி என்ற வீரனோடு அவனுடைய நாயின் உருவத்தையும் செதுக்கி, கோவிவன் என்னும் அந்த நாய் கள்வர் இருவரைக் கடித்துக் காவலாக நின்றது என்றும் பொறித்திருக்கிறார்கள். ஆபத்து வந்தபோது பக்கத்தில் நின்றவன் யார் என்பதே அக்கல்லை நட்டவர்களுக்கு முக்கியமாக இருந்தது.

இந்த மலையில் தொண்டர் படை என்பது தொடக்கத்தில் வேறொரு நோக்கத்துக்காக ஏற்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருவான நீலகிரி வாலண்டியர் ரைஃபிள்ஸ், தேயிலை, காப்பித் தோட்டங்களின் துரைமார்களையும் ஐரோப்பிய உத்தியோகஸ்தர்களையும் கொண்டது. வாரநாட்களில் தோட்டத்தை மேற்பார்த்தவர்கள் ஓய்வு நாட்களில் துப்பாக்கி பழகினார்கள். முதல் உலக யுத்தம் நீண்டுகொண்டே போனபோது, 1917-இல் வந்த இந்தியப் பாதுகாப்புப் படைச் சட்டம் ஐரோப்பியப் பிரிட்டிஷ் பிரஜைகளுக்கு அச்சேவையைக் கட்டாயமாக்கியது. கொழுந்து பறித்த தமிழரும் படகரும் அத்தொண்டர் படையின் அணியில் இடம்பெறவில்லை. தங்கள் உடைமையையும் ஆட்சியையும் காத்துக்கொள்வதற்காக ஆள்வோர் வைத்திருந்த சேமப்படை அது.

மண்ணின் மக்களுக்கே உரிய நாட்டுப்படை சுதந்திரத்துக்குப் பின்னரே பிறந்தது. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த பிராந்திய ராணுவத்தை, 1949 அக்டோபர் 9 அன்று, அப்போது கவர்னர் ஜெனரலாக இருந்த ராஜாஜி தொடங்கிவைத்தார். இதில் சேர விரும்புகிறவனுக்கு வேறொரு ஜீவனோபாயம் இருக்கவேண்டும் என்பது விதி. இது ஒரு தொழிலன்று, வேலைவாய்ப்பும் அன்று என்று சேர்க்கை அறிவிப்பிலேயே சொல்லிவிடுகிறார்கள். ஆண்டில் சில வாரங்கள் முகாமில் பயிற்சி, மற்ற நாட்களில் அவரவர் வேலை, நெருக்கடி வந்தால் சீருடை என்பதே இதன் தர்மம். 1962, 1965, 1971 ஆகிய ஆண்டுகளில் மூண்ட மூன்று போர்களிலும் இந்தப் படையினர் பணியாற்றியிருக்கிறார்கள்.

இனி, ஏன் என்ற வினாவுக்கு வருவோம். முதலில் மூலப்படையைத் தேர்ந்தவனைப் பார்ப்போம்.

வெலிங்டனில் பயிற்சி முடிந்த இளைஞர்கள் சத்தியப் பிரமாணம் செய்யும் அணிவகுப்பைக் காண்பவர்கள், அணியைக் காட்டிலும் பார்வையாளர் வரிசையில்தான் அதிகம் கற்றுக்கொள்ளலாம். தென்னாட்டின் பல ஜில்லாக்களிலிருந்தும் முதல் நாளே புறப்பட்டு, பழக்கமில்லாத மலைக்குளிரில் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அமர்ந்திருக்கும் தாய்மார்கள், ஒரே உடையும் ஒரே விதமான முடிவெட்டும் ஒரே நடையுமாகச் செல்லும் நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கிடையே தம் பிள்ளை எவன் என்று தெரியாமல் வரிசை வரிசையாகத் தேடுகிறார்கள். வேத நூல்களின் முன்னும் தேசியக் கொடியின் முன்னும் கை உயர்த்திப் பிரதிக்ஞை செய்யும் அப்பிள்ளைகளை, எதற்காக வந்தாய் என்று கேட்டால், ஒருவன் நிலையான சம்பளம் என்பான். ஒருவன் அப்பா ஹவில்தாராக இருந்தார் என்பான். ஒருவன் எங்கள் தெருவில் மூன்று பேர் பட்டாளத்தில் இருக்கிறார்கள் என்பான். பச்சைத் தேயிலை விலை சரிந்த ஆண்டுகளில் சிறு விவசாயி வீட்டுப் பிள்ளை மாதச் சம்பளத்தைத் தேடிப் புறப்படுவதில் என்ன குறை? வயிற்றுப் பாட்டுக்காகச் சேர்ந்தவனின் தேசபக்தி மட்டமானது என்று சொல்ல, பசி அறியாத எவருக்கும் உரிமை இல்லை.

சேரும் காரணம் எவ்வளவு சிறியதாகவும் இருக்கலாம் என்பதற்கு இம்மலையில் வாழ்ந்து மறைந்த மாபெரும் சேனாதிபதியே சாட்சி. ஃபீல்ட் மார்ஷல் சாம் மானெக்‌ஷா இளமையில் இங்கிலாந்து சென்று வைத்தியம் படிக்க ஆசைப்பட்டார். வயது போதாது என்று தந்தையார் மறுத்துவிட்டார். அந்தக் கோபத்தில் பரீட்சை எழுதி, 1932-இல் டேராடூனில் தொடங்கிய இந்திய ராணுவ அகாடமியின் முதல் அணியில் சேர்ந்தார். ஒரு மகனின் பிடிவாதம்தான் அவரைப் படைக்குள் அழைத்துவந்தது. ஆனால் பத்தாண்டுகளுக்குப் பின், 1942 பிப்ரவரியில், பர்மாவின் சிட்டாங் நதிக்கரையில், ஜப்பானியரின் இயந்திரத் துப்பாக்கிக் குண்டுகள் உடலில் பாய்ந்த பின்னும் அவரை உயிரோடு வைத்தது எது? ஷேர் சிங் என்ற சிப்பாய், தன் உயிரைப் பொருட்படுத்தாமல், அவரைத் தூக்கிச்சென்று மருத்துவரிடம் சேர்த்த பந்தம் அது. பின்னாளில் வெலிங்டன் படைத்துறைக் கல்லூரியின் தலைவராகவும், 1971 யுத்தத்தின்போது தரைப்படைத் தளபதியாகவும் இருந்து, ஓய்வுக்காலத்தைக் குன்னூரில் கழித்து, 2008 ஜூன் 27 அன்று வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் காலமாகி, உதகையின் பார்சி மயானத்தில் அடக்கமான அப்பெருமகனின் நெடிய வாழ்வு, பெயர் பரவாத ஒரு சிப்பாயின் தோளில் அன்று தங்கியிருந்தது.

இரண்டாம் உலக யுத்தத்தில் அமெரிக்கப் படைவீரர்களிடம் விரிவாக விசாரித்துச் சாமுவேல் ஸ்டவ்ஃபர் குழுவினர் 1949-இல் வெளியிட்ட ஆராய்ச்சியும் இதையே காட்டிற்று. களத்தில் அவர்களைத் தாங்கியவற்றுள், வேலையைச் சீக்கிரம் முடித்து வீடு திரும்பவேண்டும் என்ற தவிப்பும், பக்கத்தில் நிற்பவனைக் கைவிடலாகாது என்ற உணர்வும் முன்னே நின்றன; பெரிய கொள்கைகள் பின்னே நின்றன. ஆதலால், ஒருவன் படையில் ஏன் சேர்ந்தான் என்பது ஒரு வினா, ஏன் நிலைத்து நின்றான் என்பது மற்றொரு வினா என்று நாம் பிரித்தறிய வேண்டும்.

கொள்கையே முன்னின்று இழுத்துச் சென்ற சந்தர்ப்பங்களும் உண்டு. 1943-இல் நேதாஜியின் குரலைக் கேட்டு, மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டிக்கொண்டிருந்த தமிழர்கள் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். சென்னையில் பிறந்த டாக்டர் லட்சுமியின் தலைமையில் அமைந்த ஜான்சி ராணிப் படையில் தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பெண்கள் பலர் துப்பாக்கி ஏந்தினார்கள். இந்தியாவைக் கண்ணாலும் கண்டிராதவர்கள் அவர்களுள் இருந்தார்கள். தோட்டத்தில் கூலி என்று மட்டுமே அழைக்கப்பட்டவர்களுக்கு, நீயும் ஒரு தேசத்தின் பிரஜை என்று முதன்முதலாகச் சொல்லியது அந்த அழைப்பு. அவர்கள் மரணத்தை நோக்கி நடந்தது மானத்தை நாடித்தான்.

இப்போது நாட்டுப்படைக்காரனைப் பார்ப்போம். அவனைப் பற்றி, சீருடையின் கௌரவமும் வேண்டும், வீட்டின் சௌகரியமும் வேண்டும் என்று இரண்டையும் பற்றிக்கொண்டவன் என ஒரு அபிப்பிராயம் உலவுகிறது. அது நியாயமன்று. வயதான பெற்றோருக்கு ஒரே பிள்ளை, பட்டாளத்தில் சேரும் வயதைக் கடந்தபின் வாய்ப்பைப் பெற்றவன், நோயாளியையோ மாணவனையோ விட்டுப்போக மனம் வராத மருத்துவன், ஆசிரியன் என்று, ஏற்கெனவே ஒரு கடமையால் கட்டுண்டவர்களே பெரும்பாலும் இவ்வழியை நாடுகிறார்கள். ஒரு கடமையைத் துறக்காமல் மற்றொன்றையும் ஏற்க முன்வருவது கோழைத்தனமாகுமா? சற்று ஆழ்ந்து யோசித்தால் இதில் ஒரு தனிக் கஷ்டம் இருப்பதும் விளங்கும். மூலப்படை வீரன் இளமையில் ஒரு தரம் வீட்டைவிட்டுப் புறப்பட்டுவிடுகிறான். அதன்பின் அவன் குடும்பம் அந்தப் பிரிவுக்குப் பழகிக்கொள்கிறது. அவனைச் சுற்றி எப்போதும் அவனுடைய அணி இருக்கிறது. நாட்டுப்படைக்காரனோ ஒவ்வோர் அழைப்புக்கும் புதிதாகப் புறப்படுகிறான். வங்கியின் மேசையிலிருந்தும், பட்டறையிலிருந்தும், தேயிலைத் தோட்டத்தின் லைன் வீட்டிலிருந்தும், பள்ளிக்குப் போகும் குழந்தையின் கையை விடுவித்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் முதல் முறையைப்போலவே அவன் கிளம்பவேண்டியிருக்கிறது.

இது பழங்கதையும் அன்று. 2025 மே மாதத்தில் எல்லையில் போர்மேகம் சூழ்ந்தபோது, பிராந்திய ராணுவத்தினரைப் பணிக்கு அழைக்கும் அதிகாரத்தை மத்திய அரசு தரைப்படைத் தளபதிக்கு வழங்கியது. இருந்த 32 காலாட்படைப் பட்டாளங்களுள் 14-ஐத் திரட்டவும் அனுமதித்தது. சிங்கப்பூரில் 1967 முதல் தேசிய சேவை கட்டாயம். அங்குள்ள தமிழ் இளைஞர்களும் இரண்டாண்டு முழுநேரச் சேவைக்குப் பின், ஆண்டுக்கு நாற்பது நாள் வரை அழைப்புக்கு உட்பட்டவர்களாகவே தொழில் பார்க்கிறார்கள். அங்கே சட்டம் ஆளைத் தேர்ந்தெடுக்கிறது. இங்கே ஆள் தானே முன்வந்து சட்டத்துக்கு உட்படுகிறான். சுயேச்சையாக ஏற்ற விரதத்துக்குக் கண்ணியம் அதிகம். அதை மதிக்கவேண்டிய பொறுப்பும் நமக்கு அதிகம்.

அருவங்காட்டுத் தொழிலாளியையும் இந்த வரிசையில் வைத்தே எண்ணுகிறேன். வெடிமருந்தோடு பழகும் தொழிலில், களத்துக்குப் போகாதவனுக்கும் ஆபத்து உண்டு. அவனுக்கு அணிவகுப்பும் பதக்கமும் மட்டும் இல்லை.

ஆகவே, யார் பெரியவன் என்ற தர்க்கத்தை விட்டுவிடுவோம். முன்னணிக்குப் போகிறவன் தன் உயிரைப் பணயம் வைக்கிறான். அழைப்புக்குக் காத்திருப்பவன் தான் கட்டியெழுப்பிய வாழ்வைப் பணயம் வைக்கிறான். இரண்டாமவனின் பணயத்தைக் காப்பது பெரும்பாலும் நம் கையில் இருக்கிறது. படைச்சேவைக்குச் சென்று திரும்பியவனை மீண்டும் வேலையில் அமர்த்தவேண்டிய கடமையைப் பிராந்திய ராணுவச் சட்டத்தின் 7-ஏ பிரிவு முதலாளிகள்மீது சுமத்தியிருக்கிறது. ஆனால் சட்டம் நாற்காலியைத்தான் திருப்பித் தரும். முகமலர்ச்சியை அது தராது. எஸ்டேட் நிர்வாகிகளுக்கும், அலுவலகத் தலைவர்களுக்கும், கடை முதலாளிகளுக்கும் நான் வேண்டுவது இதுதான்: உங்களிடம் வேலை செய்யும் ஒருவன் அழைப்புக் கடிதத்தோடு வந்து நின்றால், எப்போது திரும்புவாய் என்று கேட்குமுன், உன் வேலை உனக்காக இருக்கும், உன் வீட்டை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லுங்கள், சொன்னபடி செய்யுங்கள்.

(தொடரும்)