காரட்டுக்குப் பட்டர் ஃப்ரூட் ஏன் துணை?

காரட்டை எண்ணெயில் வதக்கிப் பாருங்கள், எண்ணெய் ஆரஞ்சு நிறமாகிவிடும். தண்ணீரில் வேகவைத்தால் நிறம் அவ்வளவாக இறங்காது. நிறத்தைத் தரும் பீட்டா கரோட்டின் கொழுப்பில்தான் கரையும். நம் உடல் வைட்டமின் ஏ தயாரிக்கப் பயன்படுத்துவது இதைத்தான்.

சிறுகுடலிலும் இதே கதைதான். கொழுப்பு வந்து சேர்ந்ததும் பித்தப்பை சுருங்கிப் பித்தநீரை வெளிவிடுகிறது. பித்த உப்புகள் கொழுப்பை நுண்துளிகளாக்குகின்றன. கரோட்டின் அவற்றோடு சேர்ந்துதான் குடல் சுவரைக் கடக்கிறது. கொழுப்பே இல்லாத சாலட் என்றால் கரோட்டினில் பெரும்பகுதி வீணாகிவிடும்.

பட்டர் ஃப்ரூட் கைகொடுப்பது இங்கேதான். 100 கிராமில் சுமார் 15 கிராம் கொழுப்பு. பழங்களில் இது அபூர்வம். அதில் பெரும்பங்கு, ஆலிவ் எண்ணெயில் உள்ள அதே ஓலிக் அமிலம். அமெரிக்காவின் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005இல் வெளியிட்ட ஆய்வில், தக்காளி சல்சாவோடு 150 கிராம் பட்டர் ஃப்ரூட் சேர்த்தபோது தக்காளியின் சிவப்பு நிறமியான லைகோபீன் 4.4 மடங்கும் பீட்டா கரோட்டின் 2.6 மடங்கும் உடலில் சேர்ந்தன.

100 கிராம் பட்டர் ஃப்ரூட்டில் சுமார் 7 கிராம் நார்ச்சத்தும் உண்டு. வெண்ணெய், நெய்க்குப் பதிலாகச் சாப்பிட்டால் கெட்ட கொழுப்பு குறையவும் உதவும். ஆனால் கொடைக்கானல் மலையில் விளையும் இந்த நல்ல பழத்தை, ஜூஸ் கடையில் சர்க்கரையைக் கொட்டி அடித்துக் குடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. உப்பு, மிளகு, எலுமிச்சை போதும்.

இதில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.